மாமி வெட்டித் தந்த நாலு அங்குலம்

என் வயதுக்காரர்களே, நமக்குள் ஒளிக்க என்ன இருக்கிறது? தொண்ணூறுகளில் பெற்றோரின் கையைப் பிடித்துக்கொண்டு ஆக்லாந்து விமான நிலையத்தில் வந்து இறங்கிய பிள்ளைகள் நாம். இப்போது ஐம்பதை எட்டிப் பார்க்கிறோம். நம்மில் பாதிப் பேருக்கு முதுகுவலி, மீதிப் பேரிடம் அதற்கு அறிவுரை. கோயிலில் சந்தித்தாலும் பிறந்தநாள் விழாவில் சந்தித்தாலும் மோர்ட்கேஜ் கதை முடிந்த கையோடு மெத்தைக் கதை தொடங்கிவிடுகிறது. எத்தனை அங்குலம் வாங்கினாய், பத்தா பன்னிரண்டா என்று ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்கிறோம்.

போன மாதம் நானும் ஒரு மெத்தைக் கடைக்குப் போனேன். விற்பனைக்கு நின்ற பையனுக்கு என் மகனின் வயது இருக்கும். முப்பது சென்டிமீட்டருக்குக் குறைந்ததை இப்போது யாரும் வாங்குவதில்லை என்றான். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், என் கணவரை மல்லாந்து படுக்கச் சொல்லி, அவருடைய இடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவில் என் உள்ளங்கையைச் செருகிப் பார்த்தேன். பையன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான். அது எங்கள் மாமியின் சோதனை என்று அவனுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? அவனிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்கிறேன். ஒரு மெத்தையின் தடிப்பைப் பிடித்துக்கொண்டு, என் அப்பா தன் ஒரே அக்காவின் உறவை ஒரு குளிர்காலத்தில் அறுத்துக்கொண்டு போகப் பார்த்தார். அந்தக் கதைதான் இது.

அப்பாவின் அந்த அக்காதான் எனக்கு மாமி, எங்களுக்கு நாலு வருடம் முந்தி இங்கே வந்தவர். ஆக்லாந்தின் த்ரீ கிங்ஸ் பகுதியில், கடைகளுக்குப் பின்னால் ஒரு தெருவில் பழைய பலகை வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தார். மாமா டாக்ஸி ஓட்டினார். மாமிக்கு நியூ லின் என்ற பகுதியில், ரயில் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த ஒரு ஃபோம் கடையில் வேலை. சோபாவுக்கும் படகுக்கும் கட்டிலுக்கும் கேட்ட அளவில் ஃபோம் வெட்டிக் கொடுக்கிற கடை அது. பெரிய பாண் ரொட்டித் துண்டங்கள் மாதிரி மஞ்சள், வெள்ளை, சாம்பல் நிறக் கட்டிகள் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும். மாமி ஒரு மின்சாரக் கத்தியால் அவற்றை அறுப்பார். அது போடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் கதைப்பது கேட்காது. கைக்கத்தியாலும் அறுக்கலாம், ஆனால் மணிக்கட்டு கழன்றுவிடும் என்பார்.

மாமி பெரிய உடம்புக்காரி. நடந்தால் அந்தப் பலகை வீட்டின் கண்ணாடி அலுமாரிக்குள் கோப்பைகள் தாளம் போடும். வேலை முடிந்து வரும்போது தலைமயிரில் ஃபோம் துகள்கள் ஒட்டியிருக்கும். அவர் வாசற்படியில் குந்தியிருந்து தேநீர் குடிக்கும்போது நான் பின்னால் நின்று ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுப்பேன். புதிய ஃபோமில் ஒரு மணம் உண்டே, பெட்ரோலும் பிளாஸ்டிக்கும் கலந்தது போல, இன்றைக்கும் எனக்கு அதுதான் மாமியின் மணம். வெட்டிக் கழித்த துண்டுகளைப் பையில் போட்டு எனக்குக் கொண்டுவந்து தருவார். என் பொம்மைகளுக்கு இருந்த தலையணைகள் அந்தத் தெருவில் எந்தப் பிள்ளைக்கும் இருக்கவில்லை.

புதிதாக வந்து இறங்குகிற குடும்பங்களுக்கு அந்த வீடுதான் முதல் தரிப்பிடம். ஒரு குடும்பம் இரண்டு மாதம் இருக்கும், வேலையும் வாடகை வீடும் கிடைத்ததும் போய்விடும், அடுத்தது வரும். வருகிற எல்லோருக்கும் மாமி செய்த முதல் மரியாதை சாப்பாடு இல்லை, மெத்தை. ஆளைக் கடைக்குக் கூட்டிப்போய், அளந்து, வெட்டி, உறை தைத்துக் கொடுப்பார். ஊரை விட்டு வந்தவர்களுக்குச் சோறு எங்கேயும் கிடைக்கும், நித்திரைதான் கிடைக்காது என்பது அவருடைய கட்சி. முதலாளி மிச்சம் மீதிக் கட்டிகளை அவருக்கு மலிவாகக் கொடுத்தார். மாமியை நான் பெரிய தியாகியாக்கப் பார்க்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டிலேயே மிகத் தடித்த மெத்தை அவருடையதுதான். பன்னிரண்டு அங்குலம். எனக்குப் பெரிய உடம்பு, எனக்கு அதுதான் காணும் என்று வெட்கமில்லாமல் சொல்லுவார். எண்பதை நெருங்கும் இந்த வயதிலும் பன்னிரண்டில்தான் குறட்டை விடுகிறார்.

நாங்கள் வந்த முதல் சனிக்கிழமையே எங்களையும் நியூ லினுக்குக் கூட்டிப்போனார். எனக்கு ஒன்பது வயது. கடையின் நடுவில் நீளமான பலகை மேசை ஒன்று இருந்தது. அதன்மேல் ஒரு கட்டியைப் போட்டு ஆளைப் படுக்கச் சொல்லி, இடுப்பு வளைவுக்குக் கீழே உள்ளங்கையைச் செருகுவார். கை தாராளமாக உள்ளே போனால் மெத்தை கடினம், இடுப்பு அந்தரத்தில் நிற்கிறது. கை நுழையவே மறுத்தால் மெத்தை மெது, ஆள் புதைகிறார். மட்டுமட்டாக நுழைந்தால் அதுதான் அளவு. அம்மா சேலையைக் கணுக்காலோடு இழுத்துப் பிடித்துக்கொண்டு, வெட்கத்தில் கண்ணை மூடிப் படுத்தார். நான் மூன்று தரம் படுத்தேன். எங்கள் இரண்டு பேருக்குமாக அகலமான ஆறு அங்குலம் ஒன்று முடிவாயிற்று.

அப்பாவின் முறை வந்தது. அப்பா ஊரில் வங்கி மனேஜர். மேசையில் ஒரு பித்தளை மணி வைத்திருந்தவர். கடைக்கும் டை கட்டிக்கொண்டுதான் வந்திருந்தார்.

"நாலு பேர் பார்க்கிற இடத்திலை சப்பாத்தைக் கழட்டிப்போட்டுப் படுக்கிறதோ, அக்கா? எனக்கு ஏதாவது ஒண்டைத் தாங்கோ" என்றார்.

மாமி வற்புறுத்தவில்லை. தம்பியை மேலும் கீழும் பார்த்தார். பிறகு உள்ளே போய் சாம்பல் நிறக் கட்டி ஒன்றைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார். நாலு அங்குலம்.

"தடிப்பைப் பார்க்காதை தம்பி, பாரத்தைப் பார். இந்தக் கடையிலை இதை விட விலையான சாமான் இல்லை. உன்ர உடம்புக்கு இதுதான்."

அப்பா தலையாட்டினார். ஆனால் அவர் தடிப்பைத்தான் பார்த்தார். எனக்கு இப்போது விளங்குகிறது, நம்முடைய ஆட்கள் எல்லோரும் அதைத்தான் பார்ப்பார்கள். பெரிய மனிதருக்கு உயரமான கதிரை, அடுத்தவருக்குப் பலகை வாங்கு, அதற்கும் அடுத்தவருக்குப் பாய் என்று பழகி வந்த கண் நமக்கு. மெத்தைக்கு மட்டும் அது மாறிவிடுமா?

அந்த வீட்டின் கராஜில் இன்னொருவர் இருந்தார். அப்பாவின் வங்கிக் கிளையில் பியோனாக வேலை செய்தவர். எங்களுக்கு ஆறு மாதம் முந்தி அகதியாக வந்து, மனேஜர் சேரின் அக்கா வீடு என்று விசாரித்துத் தேடி வந்தவர். மெலிந்த, உயரமான, தனி ஆள். அவரைச் சித்தப்பா என்று கூப்பிடும்படி மாமி எனக்குச் சொல்லிக் கொடுத்தார். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. தம்பி முறை கொண்டாட அவர் யார் என்று அம்மாவிடம் முணுமுணுத்தார். ஆனால் அப்பாவுக்கு த்ரீ கிங்ஸ் சூப்பர்மார்க்கெட்டில் பெட்டி அடுக்கும் வேலை எடுத்துக் கொடுத்தது அதே சித்தப்பாதான். ஊரில் அப்பா மணி அடித்தால் ஓடி வந்தவர் அவர். இங்கே இன்னொருவர் மணி அடித்தபோது இரண்டு பேரும் சேர்ந்து தேநீருக்குப் போனார்கள். அங்கேயும் அவர் அப்பாவைச் சேர் என்றே கூப்பிட்டார்.

சித்தப்பாவின் மெத்தை பத்து அங்குலம். நீலக் கோடு போட்ட தடித்த உறை, மாமி கையாலேயே நாலு பக்கமும் தைத்து மூடியது. மற்ற மெத்தை உறைகளுக்கெல்லாம் இழுத்துத் திறக்கிற சிப் இருந்தது, அதற்கு மட்டும் இல்லை. அதன்மேல் ஏறிக் குதிக்க எனக்குக் கொள்ளை ஆசை. சித்தப்பா மறுக்கமாட்டார். நடுவுக்குக் கொஞ்சம் இடப்பக்கமாக ஒரு இடத்தைக் காட்டி, இதில் மட்டும் குதியாதே பிள்ளை என்பார். ஏன் என்று கேட்டதில்லை. குதிக்க இடம் கிடைத்ததே போதும் என்று இருந்தேன்.

ஆக்லாந்துக் குளிர்காலத்தில் பழைய வாடகை வீடுகள் எப்படி இருந்தன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடிந்தால் யன்னல் கண்ணாடிகள் அழுதுகொண்டிருக்கும். துணியால் துடைத்துப் பிழிந்தால் அரைக் கோப்பை தண்ணீர் வரும். தரையில் கிடந்த மெத்தையை ஒரு கிழமை தூக்காமல் விட்டால் அடியில் கறுப்புப் புள்ளி பூத்துவிடும். அதனால் மாமியின் வீட்டில் சட்டம் ஒன்று இருந்தது. சனிக்கிழமை காலையில் எல்லா மெத்தைகளும் எழும்பி, நடையில் ஹீட்டருக்கு முன்னால் சுவரோடு வரிசையாக நிற்க வேண்டும். பூசணம் வராமல் இருக்கச் செய்த அந்த ஏற்பாட்டில்தான் வினை வந்தது.

ஒரு சனிக்கிழமை, ஊரில் அப்பாவைத் தெரிந்த ஒருவர் குடும்பத்தோடு எங்களைப் பார்க்க வந்தார். வந்தவர் நடையில் நின்ற வரிசையைப் பார்த்துவிட்டு, எது யாருடையது என்று விளையாட்டாகக் கேட்டார். நான் கெட்டிக்காரி மாதிரி ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"என்ன மனேஜர், உங்களுக்கு நாலு, பியோனுக்குப் பத்தோ? நாடு மாறினா எல்லாம் தலைகீழ்தான்."

அப்பாவும் சிரித்தார். வந்தவர்கள் தேநீர் குடித்துவிட்டுப் போகும் வரைக்கும் சிரித்தபடி இருந்தார். அதற்குப் பிறகு அவர் மாமியோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அக்கா என்ற சொல் அவர் வாயிலிருந்து போனது போனதுதான். உப்பு வேண்டுமென்றால் கூட என்னைக் கூப்பிட்டு, மாமியிடம் வாங்கி வா என்பார். மேசையின் மறுபக்கத்தில்தான் மாமி இருப்பார், உப்பும் அங்கேயே இருக்கும்.

இதைச் சித்தப்பா கவனித்திருக்கிறார். செவ்வாய்க்கிழமை மாமி வேலைக்குப் போன பிறகு, தன் பத்து அங்குலத்தை முதுகில் சுமந்துகொண்டு எங்கள் அறை வாசலுக்கு வந்துவிட்டார்.

"சேர், இது எனக்குச் சரியான சூடு. நீங்கள் இதிலை படுங்கோ. எனக்கு அது காணும்" என்றார்.

அப்பா ஒரு தரம் வேண்டாம் என்றார். நம் ஆட்கள் ஒரு தரம் வேண்டாம் என்பதற்கு என்ன அர்த்தம் என்று சித்தப்பாவுக்குத் தெரியாதா? மெத்தைகள் கை மாறின.

பின்னேரம் மாமி வந்து பார்த்துவிட்டார். சப்பாத்தைக் கூடக் கழற்றவில்லை, நேரே எங்கள் அறை வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, அது உனக்கு ஒத்துவராது. திருப்பிக் குடு."

"நான் எதிலை படுக்க வேணுமெண்டு எனக்குத் தெரியும்."

மாமி எதையோ சொல்ல வாய் எடுத்தார். அப்போது அவருக்கு எதிரே, அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்ற சித்தப்பா மெதுவாகத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. அதை நான் பார்த்தேன். மாமி வாயை மூடிக்கொண்டு குசினிக்குள் போனார். அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டு அவித்தவர் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. மாமி கதைக்காத அந்த வீடு எனக்குப் பயமாக இருந்தது.

பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது என்று சொல்லி வைத்தவர் யாரோ, அவர் அந்தப் பத்து அங்குல மெத்தையில் படுத்துப் பார்த்ததில்லை. முதல் கிழமையிலேயே அப்பாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. இரண்டாம் கிழமை இடது பக்கமாகச் சரிந்து நடந்தார். அம்மா காலையிலும் மாலையிலும் தைலம் தேய்த்தார், எங்கள் அறை முழுக்கக் கற்பூர நெடி. சூப்பர்மார்க்கெட்டில் மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலையை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். பெட்டி தூக்க முடியாவிட்டால் வேலை இல்லை. ஆனாலும் மெத்தை பிழை என்று அப்பா ஒத்துக்கொள்வாரா? குளிர் என்றார், வேலை என்றார், பேருந்தின் ஆசனம் என்றார்.

கராஜில் சித்தப்பாவும் நொண்டத் தொடங்கினார். புதுச் சப்பாத்து கடிக்கிறது என்று சொல்லிக்கொண்டார். ஒரு நாள் அவருடைய போர்வைக்குள் வட்டமான சின்னக் குஷன் ஒன்றைக் கண்டேன், மாமியின் தையல். எனக்கும் ஒன்று தைத்துத் தரும்படி மாமியைக் கேட்டேன். அதைப் பற்றி அப்பாவிடம் சொல்லிவிடாதே என்றார். ஒரு மெத்தையை எடுத்து ஒளித்துவைக்க முடியாது, தடித்தால் திரும்பவும் கண்ணில் படும், குஷன் என்றால் போர்வைக்குள் மறையும். ஒன்பது வயதில் எனக்கு இந்தக் கணக்கெல்லாம் எட்டவில்லை. மாமி சித்தப்பாவுக்குச் செல்லம் கொடுக்கிறார் என்றுதான் நானும் நினைத்தேன். வளர்ந்தவர்கள் மட்டும்தான் பிழையாக நினைப்பார்கள் என்று இல்லையே.

ஐந்தாம் கிழமை அப்பா அம்மாவிடம் சொல்லிவிட்டார், இந்த மாதத்தோடு இந்த வீட்டை விட்டு வெளிக்கிடுவோம், இனி இங்கே போக்குவரத்தும் வேண்டாம் என்று. அம்மா போர்வைக்குள் அழுதார். பக்கத்தில் படுத்திருந்த எனக்கு அவர் உடம்பு குலுங்குவது தெரிந்தது. இந்த நாட்டில் எங்களுக்கு இரத்த உறவு என்று இருந்தது மாமி ஒருவர்தான். மாமியை விட்டுப் போனால் என் தலையில் கை வைக்க யாரும் இல்லை என்று எனக்கும் அழுகை வந்தது. பொம்மைகளின் தலையணைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு ஒளித்து வைத்தேன்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை. மாமி கடைக்கும் மாமா டாக்ஸிக்கும் போய்விட்டார்கள். அப்பா எழும்ப முடியாமல் சுவரைப் பிடித்து எழும்பினார். பிறகு அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு மெத்தைக்கு முன்னால் குந்தினார்.

"இதுக்குள்ளை என்னவோ கோளாறு கிடக்கு. பியோனுக்குத்தானே எண்டு கழிவுத் துண்டை அடைச்சுக் குடுத்திருக்கிறா. வெட்டி நடையிலை வைக்கிறன், வந்து பார்க்கட்டும்."

கோடு போட்ட உறையின் தையலை நாலு பக்கமும் அறுத்து, உறையை உரித்தார். உள்ளே இருந்ததை இன்றைக்கும் என் கண்ணுக்குள் வைத்திருக்கிறேன். அடியில் கனமான சாம்பல், நடுவில் மஞ்சள், மேலே வெள்ளை, மூன்று படை. வெள்ளையில், இடுப்பு வருகிற இடத்துக்குக் கொஞ்சம் இடப்பக்கமாக, ஒரு சாப்பாட்டுக் கோப்பை அகலத்துக்கு வட்டமாகக் குடைந்து எடுத்திருந்தது. குடைந்த பள்ளத்துக்குள் வேறு ஒரு ஃபோம், இளஞ்சிவப்பு, தொட்டால் கை புதைகிற மெது. ஒட்டின இடம் தெரியாமல் சுற்றிவரப் பொருத்தியிருந்தது.

அப்பா வெற்றியோடு அம்மாவைப் பார்த்தார். அம்மா குனிந்து அந்த வட்டத்தின் விளிம்பைத் தடவினார்.

"இஞ்சாருங்கோ, கழிவை அடைக்கிறவை இவ்வளவு வடிவா வட்டம் வெட்டுவினமோ? இது ஆரோ ஒருத்தற்றை இடுப்புக்கு அளந்து வெட்டினது."

சித்தப்பா தேநீருக்காக அப்போதுதான் குசினிப் பக்கமாக வந்தார். அறை வாசலில், உரித்துக் கிடந்த மெத்தையைக் கண்டதும் நின்றுவிட்டார். உடம்பின் பாரம் முழுவதும் வலது காலில் இருந்தது. இடது கால் சும்மா தரையைத் தொட்டுக்கொண்டு நின்றது.

அப்பா பள்ளத்தைப் பார்த்தார். பிறகு அந்தக் காலைப் பார்த்தார்.

"அண்டைக்கு விழுந்ததோ?" என்று கேட்டார்.

"ஓம் சேர். இப்ப பெரிசா இல்லை."

அது என்ன விழுந்தது என்று அம்மா பிறகு எனக்குச் சொன்னதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஊரில் ஒரு மழைநாள், அப்பா மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வங்கிக்குப் போய்விட்டார். மணி அடித்தார். கண்ணாடியை எடுத்து வரப் பியோன் சைக்கிளில் போனார். திரும்பி வரும் வழியில், தண்ணீர் மூடிக் கிடந்த குழி ஒன்றுக்குள் சைக்கிளோடு விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது. கண்ணாடி உடையவில்லை, சட்டைப் பைக்குள் கையை வைத்துக் காப்பாற்றியிருந்தார். அப்பா ஆஸ்பத்திரிக்கு ஒரு தரம் போனார், ஒரு டின் பால்மா கொடுத்தார், அடுத்த மாதம் இடமாற்றம் வந்து போய்விட்டார். கால் சுகம் என்று யாரோ சொல்லக் கேட்டு, சந்தோசப்பட்டு, மறந்தும் போனார். அந்த எலும்பு பொருந்தவே இல்லை. மல்லாந்துதான் படுக்கலாம், கடினமான எதிலும் படுத்தால் அடுத்த நாள் நடக்க முடியாது.

"அக்காவுக்கு இது தெரியுமோ?" என்றார் அப்பா.

"அளக்கேக்கை அக்கா கண்டுபிடிச்சிட்டா. நான்தான் சத்தியம் வாங்கினனான், உங்களுக்குச் சொல்லக்கூடாதெண்டு. கிழமைக்கு ஒருக்கா கேட்டவ, இப்ப சொல்லட்டோ, இப்ப சொல்லட்டோ எண்டு. நான்தான் வேண்டாமெண்டனான். தெரிஞ்சால் சேர் என்ர முகத்தைப் பார்க்கமாட்டியள்."

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் அவருக்குப் பக்கத்தில் போகப் பயந்தேன். ஆறு கிழமையாக மாமி வாங்கிக்கொண்ட முகத் திருப்பல்களும், மேசையில் அந்த உப்பும், மூடிய வாயும் அவருக்கு அப்போது வரிசையாக நினைவுக்கு வந்திருக்கும். எனக்கு இத்தனை வயதாகிறது, ஒருவரின் மனம் நோகாமல் இருக்கத் தன் பெயரைக் கெடவிட்ட மனிதர் இன்னொருவரை நான் இன்னும் காணவில்லை. அதுவும் சொந்தத் தம்பியிடம், தன் வீட்டில், தான் சமைத்த சோற்றைத் தின்றுகொண்டிருந்தவரிடம்.

பிறகு அப்பா எழும்பினார். அம்மாவிடம் ஊசியும் நூலும் கேட்டார். அம்மா தைக்கிறேன் என்றதற்குக் கொடுக்கவில்லை, மூன்று படையையும் உறைக்குள் திணித்து, அவரே இருந்து தைத்தார். முன்னே பின்னே ஊசி பிடித்தறியாத கை. கோணல் மாணலாக, விரல் அகலத்துக்கு ஒன்றாகத் தையல். சித்தப்பா, விடுங்கோ சேர், விடுங்கோ சேர் என்று சுற்றிச் சுற்றி வந்தார். தைத்து முடித்ததும் அந்த மெத்தையை அப்பா தன் வளைந்த முதுகிலேயே தூக்கிக் கராஜுக்குக் கொண்டுபோய்ப் போட்டார். வரும்போது என்னைப் பார்த்து, "சித்தப்பாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் குடு" என்றார். அவர் வாயால் அந்த முறையைச் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

அந்தத் தையலைப் பிரித்து ஒழுங்காகத் தைத்துத் தருகிறேன் என்று மாமி பல வருடம் கேட்டுப் பார்த்தார், சித்தப்பா விடவில்லை. அவருக்குக் கலியாணமாகி, சொந்த வீடு வாங்கி, மெத்தை நைந்து, வீதியோரத்தில் பழைய சாமான் எடுக்க நகரசபை வண்டி வருகிற கிழமையில் அது வெளியே போன நாளில், அப்பாவை டெலிபோனில் கூப்பிட்டுச் சொன்னாராம். இரண்டு பேரும் அரை மணி நேரம் கதைத்தார்கள். சைக்கிளில் விழுந்ததைப் பற்றி மட்டும் கதைக்கவில்லை என்று அம்மா சொல்லுவார்.

அந்தச் சனிக்கிழமைக்குத் திரும்புகிறேன். அப்பா குளித்தார், வெள்ளைச் சட்டை போட்டார், டை கட்டினார். என்னைக் கூட்டிக்கொண்டு நியூ லினுக்குப் பஸ் ஏறினார். ஒவ்வொரு வேகத்தடையிலும் பல்லைக் கடித்தார். நிலையத்துக்குப் பக்கத்தில் இறங்கியபோது மழை தூறியது, குடை விரிக்கவும் மறந்து நடந்தார்.

கடைக்குள் மின்சாரக் கத்தி இரைந்துகொண்டிருந்தது. வாடிக்கையாளர்கள் நாலைந்து பேர் நின்றார்கள். மாமி எங்களைக் கண்டதும் கத்தியை நிறுத்தினார்.

"என்ன தம்பி, வீட்டிலை ஆருக்கும் ஏதுமோ?"

அப்பா நடுக்கடையில் நின்று குனிந்து, வலியோடு, சப்பாத்தின் நூலை அவிழ்த்தார். இரண்டு சப்பாத்தையும் சோடியாகச் சுவரோரம் வைத்தார். ஒரு காலுறையில் பெருவிரலருகே பொத்தல் இருந்தது. அந்த நீளப் பலகை மேசையில் சாம்பல் கட்டி ஒன்று கிடந்தது. நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்க, அதன்மேல் ஏறி, டையை நேராக்கிக்கொண்டு, மல்லாந்து படுத்தார்.

"அளந்து பாருங்கோ, அக்கா."

மாமிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கண்ணை மேலங்கியின் கையில் துடைத்தார். பிறகு அருகில் போய், ஒவ்வொருவருக்கும் செய்வது போலவே, அப்பாவின் இடுப்பு வளைவுக்குக் கீழே உள்ளங்கையைச் செருகினார். கை மட்டுமட்டாக நுழைந்தது.

"நாலு" என்றார். "நான் அண்டைக்கே சொன்னனான்."

அப்பா கண்ணை மூடினார். மாமி கையை உருவி எடுப்பதற்குள் அவருக்குக் குறட்டை வந்துவிட்டது. முதலாளி உள்ளே இருந்து எட்டிப் பார்த்தார், மாமி உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். சாமான் வாங்க வந்த ஒரு வெள்ளைக்கார அம்மா, இந்த மெத்தை நல்லதா என்று கிசுகிசுத்தார். மாமி, பார்த்தால் தெரியவில்லையா என்பது போல அப்பாவைக் கையால் காட்டினார்.

வெளியே மழை பிடித்துவிட்டது. அப்பாவை எழுப்பட்டுமா என்று நான் கேட்டேன்.

"விடு பிள்ளை. அவன் நித்திரை கொண்டு ஆறு கிழமை."

அன்று பின்னேரம் அப்பா தானாகக் கண் விழிக்கும் வரைக்கும் மாமி அந்த மின்சாரக் கத்தியைத் தொடவில்லை. வந்த ஓடர் எல்லாவற்றையும் கைக்கத்தியால்தான் அறுத்தார்.